உஷார்! பெரட்டில் பெயர் இல்லாத ஆட்கள்

தோட்டத்து ஆபீசில் கம்பியூட்டருக்கு முன்னால் உட்காரும் கிளாக்கர்மாரே, ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நுவரெலியாவிலும் கொமினிகேஷன் கடை நடத்துபவர்களே, பிள்ளையின் படிப்புக்கென்று பழைய லெப்டொப் வாங்கிக் கொடுத்த பெற்றோரே, உஷார்! நாளைக் காலை மெஷினைப் போட்டதும் வேர்டையோ எக்ஸெலையோ திறக்க ஓடாதீர்கள். மலைக்கு அனுப்புமுன் காலைப் பெரட்டில் எண்ணுவது போல, முதலில் ஆள் எண்ணுங்கள். நீங்கள் கூப்பிடாமலே எழுந்து, நீங்கள் கதிரையில் உட்காருமுன்பே வேலைக்கு இறங்கிவிட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

சில மாதங்களுக்கு முன்பு ஒரு 8ஆம் திகதி, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருக்கும் தம்பி ஒருவர் விடிந்தும் விடியாமலும் போன் எடுத்தார். “அண்ணே, மெஷின் எழும்பவே கால் மணித்தியாலம் ஆகுது. எக்ஸெல் திறந்தா வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது. பத்தாந் திகதி சம்பளம். செக்ரோல் இன்னும் பாதி கிடக்கு. பெரிய கிளாக்கர் ஐயா முகத்தைப் பார்க்க முடியல.”

போய்ப் பார்த்தேன். 4 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷின். மெஷினைப் போட்டவுடன் தானாக எழும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தேன். பத்தொன்பது பெயர்கள். பதினேழு பேரை இன்னார் என்று சொல்ல முடிந்தது. இரண்டு பேருக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. அந்த இரண்டில் ஒன்றின் பெயரில் ‘ஒஃபிஸ்’ என்ற சொல் இருந்தது. தயாரித்தவர் யார் என்று காட்ட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

“இது என்ன தம்பி?”

“ஒஃபிஸ் சீக்கிரமாத் திறக்கிறதுக்கு உள்ள சாமான்னு சொன்னாங்க அண்ணே. டவுன்ல ஒஃபிஸ் போட்டுக் குடுத்த பையன்தான் வச்சான். எக்காரணம் கொண்டும் அதை நிப்பாட்டிட வேணாம்னும் சொன்னான்.”

அந்தப் பதிலைக் கேட்டபோதுதான் எனக்குத் திக்கென்றது.

அப்பு மூட்டிய அடுப்பு

ஒஃபிஸை வேகமாகத் திறக்க வைக்கும் சாமான் என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. அதனால்தான் அந்தப் பையனின் பேச்சை நம்பினார்கள்.

பங்களா அப்புவை நினைத்துக்கொள்ளுங்கள். துரை கண் விழிக்குமுன் எழுந்து, அடுப்பை மூட்டி, தண்ணீரைக் கொதிக்க வைத்திருப்பார். துரை கேட்ட இரண்டாவது நிமிடம் தேநீர் மேசைக்கு வரும். அப்புவின் கையில் மந்திரம் எதுவும் இல்லை. பாதி வேலை இருட்டிலேயே முடிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் துரை அன்றைக்குத் தேநீர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் விறகு எரிந்தபடியே இருக்கும்.

இந்தப் புரோகிராம்கள் செய்வதும் இதைத்தான். மெஷின் எழும்போதே வேர்டின் பாதியைக் கொண்டுவந்து நினைவகத்தில் வைத்துவிடும். நீங்கள் வேர்டைத் தட்டும்போது மீதிப் பாதிதான் வர வேண்டும். இது இன்று நேற்று வந்த பழக்கமல்ல. ஒஃபிஸ் 97ஐப் போட்டவர்களுக்கு ‘ஓ.எஸ்.ஏ.’ என்ற சிறிய புரோகிராம் ஸ்டார்ட்அப் கோப்புறையில் வந்து குந்திக்கொண்டது நினைவிருக்கலாம். கூடவே ‘ஃபைண்ட் ஃபாஸ்ட்’ என்றொன்று வந்தது. கோப்புகளைச் சீக்கிரம் தேடித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு, நாம் சும்மா இருக்கும் நேரத்தில் டிஸ்க்கைக் கறகறவென்று உருட்டிக்கொண்டிருக்கும். ஓப்பன் ஒஃபிஸ் ‘குயிக்ஸ்டார்ட்டர்’ வைத்தது. பிடிஎஃப் படிக்கும் அடோபி ரீடர் ‘ஸ்பீட் லோஞ்சர்’ வைத்தது. 2021இல் எட்ஜ் உலாவிக்கு ‘ஸ்டார்ட்அப் பூஸ்ட்’ வந்தது. 2025 மே மாதம் முதல் அதே பெயரில் வேர்டுக்கும் ஒன்றை மைக்ரோசொப்ட் கொடுக்கத் தொடங்கியது.

வேர்டுக்கு வந்த அந்தப் புதிய வசதியின் நிபந்தனைகளைக் கவனியுங்கள். மெஷினில் 8 ஜிபி ரேம் வேண்டும். டிஸ்க்கில் 5 ஜிபி இடம் காலியாக இருக்க வேண்டும். மின்சாரச் சிக்கன முறையில் மெஷின் ஓடினால் அது வேலை செய்யாது. வேண்டாதவர்கள் வேர்டின் ஒப்ஷன்ஸ் பக்கத்துக்குப் போய், ஜெனரல் பகுதியில் டிக்கை எடுத்துவிடலாம்.

நம் தம்பியின் மெஷினில் இருந்ததோ 4 ஜிபி. மைக்ரோசொப்டின் சொந்த அப்புவே அந்தச் சமையலறைக்குள் கால் வைக்க மாட்டான். அப்படியானால் அப்புவின் உடுப்பைப் போட்டுக்கொண்டு அங்கே நின்றவன் யார்?

விறகு யாருடையது?

கள்ளனைப் பார்ப்பதற்கு முன், நல்லவர்களே செய்யும் நட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நேர்மையான புரோகிராம்கள்கூட அளவுக்கு மிஞ்சிச் சேர்ந்தால் மெஷின் படுத்துவிடும். 4 ஜிபியில் விண்டோஸ் தன் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் பிரிண்டர்காரன், உலாவிக்காரன், வீடியோ கூட்டக்காரன், பாட்டுக்காரன் எல்லோரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இடம் போதாத மெஷின் டிஸ்க்கில் ஒரு பகுதியை நினைவகமாகப் பாவிக்கத் தொடங்கும். பழைய சுழலும் டிஸ்க் என்றால் தொலைந்தது. வேர்டை வேகமாகத் திறக்க வந்தவர்களாலேயே வேர்ட் திறக்காமல் நிற்கும்.

நம் பக்கத்தில் இது இன்னும் மோசம். மழை பெய்தால் கரண்ட் போகும், மரம் விழுந்தால் போகும், மின்னினால் போகும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அனுபவித்தவர்கள் நாம். ஒவ்வொரு முறை கரண்ட் வந்து மெஷினைப் போடும்போதும் அந்தப் பத்தொன்பது பேரும் மறுபடி வாசலில் முண்டியடிக்கிறார்கள். ஒரு நாளில் மூன்று முறை போய் வந்தால் கிளாக்கரின் முக்கால் மணித்தியாலம் அங்கேயே போச்சு.

செக்ரோலில் கள்ளப்பேர்

தோட்டக் கணக்குத் தெரிந்தவர்களுக்குக் கள்ளப்பேர் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மலைக்கு வராத ஆளின் பெயர் செக்ரோலில் ஏறும், மாதக் கடைசியில் சம்பளமும் எழுதப்படும். ஆள் எண்ணாமல் பட்டியலை மட்டும் பார்க்கிற துரைக்கு அது கடைசிவரை தெரியாது. கம்பியூட்டரில் கள்ளன் நுழைவதும் அதே வழியில்தான். ஒரு தடவை உள்ளே வந்தால் போதாது, மெஷினை நிறுத்திப் போட்டாலும் அவன் திரும்ப எழ வேண்டும். அதற்குத் தானாக எழுபவர்களின் பட்டியலில் தன் பெயரையும் ஏற்றிக்கொள்கிறான்.

1996இல் லாரூ என்ற எக்ஸெல் வைரஸ் வந்தது. எக்ஸெல் திறக்கும்போதெல்லாம் தானாகத் திறக்க வேண்டிய கோப்புகளுக்கென்று ‘எக்ஸ்எல்ஸ்டார்ட்’ என்றொரு கோப்புறை இருக்கிறது. கணக்காளர்களுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று வைத்தது. லாரூ அங்கேதான் குடியேறியது. அதன் பிறகு அந்த மெஷினில் திறந்த கணக்குப் புத்தகமெல்லாம் தொற்றுப் பிடித்தது. 1999 மார்ச்சில் வந்த மெலிஸா, வேர்ட் ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்க்கும் ‘நோர்மல்’ என்ற அடிப்படைக் கோப்பில் புகுந்துகொண்டது. 2000 மே 4ஆம் திகதி உலகத்தைச் சுற்றிய ‘ஐ லவ் யூ’ புழு, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ‘ரன்’ என்று அழைக்கப்படும் இடத்தில், அசல் விண்டோஸ் கோப்பு போலத் தோன்றும் பெயரில் தன்னைப் பதிந்துகொண்டது. மூன்றும் நுழைந்தது நம் வசதிக்காகத் திறந்து வைத்த கதவு வழியாகத்தான்.

இன்றைக்கு நம் டவுன்களில் அந்தக் கதவைத் திறந்து வைப்பது ‘அக்டிவேட்டர்’. காசு கொடுத்து வாங்காத ஒஃபிஸை வாங்கியது போலக் காட்டும் புரோகிராம். பெரிய கம்பெனிகளின் ஒஃபிஸ், கம்பெனிக்குள் இருக்கும் ஒரு சேர்வரிடம் போய் அனுமதி வாங்கும். அந்த அனுமதி 180 நாளுக்கு மேல் செல்லாது. அதற்குள் புதுப்பிக்க வேண்டும். அக்டிவேட்டர் செய்வது என்னவென்றால், உங்கள் மெஷினுக்குள்ளேயே ஒரு பொய்ச் சேர்வரை உட்கார வைத்து, அந்த அனுமதியைத் தானே கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே அது ஒரு தடவை ஓடிவிட்டுப் போகிற சாமானல்ல. திரும்பத் திரும்ப எழ வேண்டும். “அதை நிப்பாட்டிட வேணாம்” என்று அந்தப் பையன் சொன்னதன் காரணம் இதுதான்.

அதைப் போடுவதற்கு முன் அவன் இன்னொன்றும் செய்திருப்பான். “அன்ட்டிவைரஸைக் கொஞ்சம் ஓஃப் பண்ணணும்” என்றிருப்பான். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் அந்த விருந்தாளியை உள்ளே கூப்பிட வேண்டும் என்றால், வருகிறவன் எப்படிப்பட்டவன்? 2021 கடைசியில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள்: ‘கே.எம்.எஸ். பிக்கோ’ என்ற பிரபல அக்டிவேட்டரின் பெயரில் சுற்றிய கோப்புகளுக்குள் ‘கிரிப்ட்பொட்’ என்ற திருட்டுப் புரோகிராம் ஒளிந்திருந்தது. உலாவியில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போவது அதன் தொழில்.

“சரி, மெஷின் மெதுவாக இருக்கிறது, இலவசமாகச் சுத்தம் செய்யும் புரோகிராம் ஒன்றைப் போடுவோம்” என்கிறீர்களா? அதற்கும் உஷார். 2017இல் உலகப் பிரசித்தி பெற்ற ‘சீகிளீனர்’ மென்பொருளின் 5.33ஆம் பதிப்புக்குள், அதைத் தயாரித்தவர்களுக்கே தெரியாமல் பின்கதவு வைத்துவிட்டார்கள். ஒகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் நடுவரை, 22 இலட்சத்துக்கும் மேற்பட்ட மெஷின்களில் அது ஏறியிருந்தது. பெயர் பெற்ற கடைக்கே இந்த நிலை. ‘உங்கள் கம்பியூட்டர் 10 மடங்கு வேகமாகும்’ என்று விளம்பரத்தில் துள்ளும் அநாமதேயங்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

போனால் போகட்டும் என்று விட முடியுமா?

ஒரு தோட்டத்து மெஷினில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான தொழிலாளர்களின் அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம். யாருக்குப் பேர், யாருக்கு அரைப்பேர், யார் எத்தனை கிலோ கூடுதலாகப் பறித்தார் என்ற கணக்கு. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. 2025 நவம்பரில் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வருகைக்கென்று தனியாக 200 ரூபாயும் சேர்ப்பதாக அறிவித்தது. வருகைக்கே தனிக் காசு என்றால், வருகைப் பதிவு தொலைந்தால் தொலைவது யாருடைய காசு? அட்டைக் கடியும் குளவிக் கொட்டும் பட்டு ஏறி இறங்கிய பெண்ணுடைய காசு.

தொலைவது என்றால் எப்படித் தொலையும் என்பதை நம் நாடே ஒரு முறை பார்த்தது. 2023 ஒகஸ்டில் லங்கா அரசாங்க கிளவுட் மீது கப்பம் கேட்கும் மென்பொருள் பாய்ந்தது. மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான அரசாங்க மின்னஞ்சல்கள் போயே போய்விட்டன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்தக் காலத்துக்கான பிரதி தனியாக வைக்கப்பட்டிருக்கவில்லை. அரசாங்கத்தின் கடிதங்களே அப்படிப் போகுமென்றால், மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் பெட்டியில் உள்ள செக்ரோல் எம்மாத்திரம்?

பெரட்டைக் கூட்டுங்கள்

பயந்து மெஷினை மூடி வைக்க வேண்டாம். ஆள் எண்ணுவதற்குப் பத்து நிமிடம் போதும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குப் போங்கள். பெயர், தயாரித்தவர், அது எழும்போது மெஷினுக்குத் தரும் சுமை எல்லாம் வரிசையாக இருக்கும். சுமை ‘ஹை’ என்றிருந்தால், எழும்போதே பிராசசரின் ஒரு விநாடிக்கு மேலோ டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேலோ அது தின்கிறது என்று பொருள். முதலில் அவர்களை விசாரியுங்கள்.

தயாரித்தவர் பெயர் வெறுமையாக இருந்தால் அதன்மேல் வலது கிளிக் செய்து, கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று திறந்து பாருங்கள். கோப்பின் புரோப்பர்ட்டீஸில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘டெம்ப்’ கோப்புறையிலிருந்து தினமும் எழுகிறவன் நல்லவனாக இருப்பது அபூர்வம். ‘ஆப்டேட்டா’வில் இருப்பவர்களெல்லாம் கள்ளர் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஒன்ட்ரைவ் போன்ற நேர்மையான ஆட்களும் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

வேண்டாதவரை அழிக்காதீர்கள், ‘டிசேபிள்’ மட்டும் செய்யுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று பேரை நிறுத்தி, மெஷினைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பிழையாக நிறுத்திவிட்டால் மறுபடி ‘எனேபிள்’ செய்யலாம். அழித்ததைக் கூப்பிட முடியாது.

சிலரை நிறுத்தவே கூடாது. அன்ட்டிவைரஸை நிறுத்தக் கூடாது. தமிழ் எழுத உதவும் புரோகிராமை நிறுத்தக் கூடாது. ‘சிடிஎஃப்மொன்’ என்று ஒருவன் இருப்பான், பெயரைப் பார்த்தால் வைரஸ் போலவே தோன்றும். விசைப்பலகை மொழிகளைக் கவனிப்பவன் அவன்தான். அவனைத் துரத்திவிட்டு, “தமிழ் டைப் ஆகல, தேடுற பெட்டியில எழுத்தே விழல” என்று ஓடி வந்தவர்கள் உண்டு. ஒன்ட்ரைவில்தான் உங்கள் பிரதி ஏறுகிறது என்றால் அதையும் விட்டுவிடுங்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. டாஸ்க் மனேஜர் காட்டுவது முழுப் பெரட்டு அல்ல! ‘டாஸ்க் ஷெடியூலர்’ என்று இன்னொரு வாசல் இருக்கிறது. வேர்டின் அசல் ஸ்டார்ட்அப் பூஸ்டும் அந்த வழியாகத்தான் எழுகிறது. அங்கிருந்து அதை நீக்கினாலும் ஒஃபிஸ் புதுப்பிக்கப்படும்போது திரும்ப வந்து நிற்கும். அதனால்தான் வேர்டுக்குள்ளேயே டிக்கை எடுப்பது மேல். அக்டிவேட்டர்களும் கள்ளர்களும் பதுங்குவது பெரும்பாலும் இந்த வாசலிலும் ‘சேர்விசஸ்’ பட்டியலிலும்தான். எல்லா வாசலையும் ஒரே இடத்தில் பார்க்க மைக்ரோசொப்டே ‘ஓட்டோரன்ஸ்’ என்ற புரோகிராமை இலவசமாகத் தருகிறது. அதை மைக்ரோசொப்டின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

கள்ளன் இருப்பதாகச் சந்தேகம் வந்துவிட்டால் முதலில் இன்டர்நெட்டைக் கழற்றுங்கள். அந்த மெஷினில் வங்கி வேலை வேண்டாம். பாஸ்வேர்டுகளை வேறொரு மெஷினிலிருந்து மாற்றுங்கள். அதில் செருகிய பென் ட்ரைவை அடுத்த மெஷினில் கண்ணை மூடிக்கொண்டு செருகாதீர்கள். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்புக்கு அறிவியுங்கள்.

வேகம் வேண்டுமென்றால் நேரான வழிகள் இருக்கின்றன. பழைய டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போடுங்கள், ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். காசு கொடுத்து ஒஃபிஸ் வாங்க வசதியில்லாவிட்டால் லிப்ரே ஒஃபிஸ் இலவசம். தமிழ் முகப்பும் அதில் உண்டு. அதற்கு எந்த அக்டிவேட்டரும் தேவையில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நின்றுவிட்டன என்பதையும் மறக்க வேண்டாம்.

கணக்கப்பிள்ளையின் கொப்பி

தம்பியின் கதையை முடித்துவிடுகிறேன். பத்தொன்பதில் பதினொரு பேரை நிறுத்தினோம், மெஷின் மூச்சு விட்டது. ஆனால் அந்தப் பேரில்லாத இரண்டு பேரை நிறுத்தினாலும் அடுத்த முறை போடும்போது திரும்ப எழுந்தார்கள். அதற்குப் பிறகு அந்த மெஷினில் ஒரு இலக்கமும் அடிக்க வேண்டாம் என்றேன். வயரைக் கழற்றினோம். பிரதி எங்கே என்று கேட்டேன். அதே மெஷினில், பக்கத்துக் கோப்புறையில் இருந்தது.

“அப்ப சம்பளம்?” என்றார் தம்பி. முகம் வெளுத்துவிட்டது.

கணக்கப்பிள்ளை தன் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மழையில் நனைந்து காய்ந்து உப்பிப்போன கொப்பி. மாதம் முழுவதற்குமான பேரும் கிலோவும் பென்சிலில் இருந்தன. வேறொரு மெஷினில் இரண்டு இரவு உட்கார்ந்து அத்தனையையும் திரும்ப அடித்தார்கள். பத்தாந் திகதி சம்பளம் கொடுத்தாயிற்று.

கொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது கணக்கப்பிள்ளை கேட்டார். “மலையில ஆள் எண்ணாம நான் ஒரு நாளும் பேர் போட்டதில்ல. நீங்க இந்த மெஷின வாங்கி மூணு வருஷம். ஒரு நாளாவது எண்ணினீங்களா?”

தம்பி தலையைச் சொறிந்தார். இப்போது ஒவ்வொரு மாதமும் முதலாந் திகதி அவர் டாஸ்க் மனேஜரையும் ஓட்டோரன்ஸையும் திறந்து, பெயர்களைக் கொப்பியில் எழுதி, போன மாதப் பட்டியலோடு ஒப்பிடுகிறார். புதிதாக ஒரு பெயர் இருந்தால் விசாரித்த பிறகுதான் எக்ஸெல். செக்ரோலின் பிரதி தனிப் பென் ட்ரைவில், பெரிய கிளாக்கர் ஐயாவின் பூட்டிய லாச்சிக்குள்.

உங்கள் மெஷினில் இன்று எழுந்தவர்கள் எத்தனை பேர்? அடுத்த சம்பளத் திகதிக்கு முன் எண்ணிவிடுங்கள்.